நீட் மாதிரித் தேர்வில் 210: கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: என் மகள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். தமிழ் வழி, உயிரியல்-கணிதப் பிரிவு. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். அரையாண்டு விடுமுறையில், பிளஸ் ஒன் பாடங்களுக்கு மட்டும் ஒரு கோச்சிங் சென்டர் நீட் மாதிரித் தேர்வு வைத்தார்கள். 720-க்கு 210 வாங்கினாள். உயிரியலில் 48 சரி, 40 தவறு. வேதியியலில் 15 சரி, 25 தவறு. இயற்பியலில் 12 சரி, 25 தவறு. மீதி 15 கேள்விகளை விட்டுவிட்டாள். ‘நெகட்டிவ் மார்க்கில்தான் போச்சு, இப்படியே விட்டால் தேறாது’ என்று சொல்லி, பிளஸ் டூவுக்குக் கோச்சிங்கோடு சேர்ந்த ஒரு தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். விடுதியோடு இரண்டு லட்சம் ஆகும். நகையை வைத்துச் சேர்க்கலாமா? நீட் தேர்வைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? இதில் கவனம் வைத்தால் பொதுத்தேர்வு மதிப்பெண் போய்விடாதா? நான் பத்தாவது வரை படித்தவள். இதில் என்னால் செய்ய முடிந்தது ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: நகையை எடுத்து உள்ளே வையுங்கள். பள்ளியை மாற்றவே மாற்றாதீர்கள். பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இதற்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை விதி. உங்கள் மகள் ஆறு வருடத்தை ஏறக்குறைய முடித்துவிட்டாள். பாக்கி இருப்பது ஒரே வருடம். பிளஸ் டூவைத் தனியார் பள்ளியில் படித்தால், அங்கே எவ்வளவு நல்ல கோச்சிங் கிடைத்தாலும், இந்த ஒதுக்கீடு கைவிட்டுப் போகும். அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. அதையும் பலர் கவனிப்பதில்லை. பொதுப் போட்டியில் வேண்டிய மதிப்பெண்ணைவிடக் குறைவான மதிப்பெண்ணுக்கு இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிறது. தனியார் மருத்துவக் கல்லூரியில் இதன் கீழ் இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இரண்டு லட்சம் கொடுத்து இதைத் தொலைக்கச் சொல்கிறவர், விஷயம் தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார். தலைமை ஆசிரியரிடம் போய், ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுவரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாள் என்பதற்கான பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பழைய பள்ளியின் சான்றும் வேண்டியிருக்கும். கலந்தாய்வு நேரத்தில் அதற்காக அலைவது பெரிய பாடு.

இனி அந்த 210-க்கு வருவோம். நெகட்டிவ் மார்க்கில்தான் போனது என்பது பாதி உண்மை. ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறாகி 3 போகும். மிச்சம் ஒன்று. ஆகக் குருட்டாம்போக்கில் குறித்ததால் மதிப்பெண் கீழே இறங்கவில்லை. உண்மை நிலை தெரியாமல் மறைந்ததுதான் நடந்தது.

அவள் இயற்பியலில் 37 கேள்விகளுக்கு விடை குறித்திருக்கிறாள். அதில் நான்குதான் உண்மையில் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 33-ஐக் குத்துமதிப்பாகக் குறித்தாலே எட்டு சரியாகிவிடும். நான்கும் எட்டும் பன்னிரண்டு. அவள் வாங்கியது அதுதான். இதே கணக்கை வேதியியலில் போட்டால் தெரிந்தது ஏழு, உயிரியலில் முப்பத்தைந்து. மொத்தம் 46 கேள்விகள்தான் தெரிந்து போட்டவை. அவற்றுக்கு 184. மீதி 26 மதிப்பெண் அதிர்ஷ்டம் போட்ட பிச்சை. துல்லியமான கணக்கு இல்லை இது, ஆனாலும் நிலைமையைக் காட்டிவிடும்.

படிப்பு குறைவாக இருக்கிறது என்பது மட்டும் இதற்கு அர்த்தமில்லை. எது தெரியும், எது தெரியாது என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் அடுத்த மாதிரித் தேர்விலிருந்து வினாத்தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்தால் டிக். இரண்டு விடைகளுக்கு நடுவில் தடுமாறினால் புள்ளி. சுத்தமாகத் தெரியவில்லை என்றால் பெருக்கல் குறி. இது வினாத்தாளில் மட்டும். ஓஎம்ஆர் தாளில் விடைக்கான வட்டத்தைத் தவிர வேறு ஒரு கோடும் விழக்கூடாது. தேர்வு முடிந்து விடைகளைச் சரிபார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, டிக் போட்டும் தவறானவை. தெரியும் என்று நினைத்துத் தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவை அவை. அடுத்து, பெருக்கல் குறி போட்டும் சரியானவை. தெரிந்ததாக அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. புள்ளி போட்டவற்றில் பாதிக்கு மேல் சரியாக வந்தால், இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை எடுப்பது அவளுக்கு லாபம். பாதிக்குக் கீழே போனால் அவளுடைய ‘தோன்றுகிறது’ அவளை ஏமாற்றுகிறது.

ஏன் ஏமாற்றுகிறது என்றால், தவறான விடைகளை யாரும் சும்மா போடுவதில்லை. மாணவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று பார்த்து வைப்பார்கள். ஒரு எடுத்துக்காட்டு. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்தால் 10 மீட்டரில் நிற்கிறது. 72 கி.மீ. வேகத்தில் போனால், அதே பிரேக் விசையில், எத்தனை மீட்டரில் நிற்கும்? வேகம் இரண்டு மடங்கு, எனவே 20 மீட்டர் என்று கை தானாகப் போகும். 20 அங்கே விடைகளில் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கும். சரியான விடை 40. நிற்கும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது பள்ளிப் பழக்கம். நீட்டுக்கு அது போதாது. இதே இருமடி உறவு வேறு உடையில் வரும். பொருளின் வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்கு? நான்கு. உந்தம் 20 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் எவ்வளவு கூடும்? 40 என்பது வலை, 1.2-ஐ இருமடியாக்கினால் 1.44, அதாவது 44 சதவீதம். ஒரு கணக்கு தவறானால், அதே கருத்தில் இன்னும் இரண்டைத் தேடிப் போட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

இதற்கு ஒரு பிழை நோட்டு வேண்டும். நூறு பக்க நீள நோட்டு ஒன்று போதும். இடதுபக்கத்தில் கேள்வியைச் சுருக்கமாக எழுத வேண்டும், விடையை எழுதக்கூடாது. வலதுபக்கத்தில் தேதி, ஏன் தவறியது என்று ஒரே வரி, கீழே சரியான வழி. ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடலாம். பாடமே தெரியவில்லையா, சூத்திரம் மாறிவிட்டதா, சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தாளா, ‘தவறான கூற்று எது’ என்ற கேள்வியில் சரியான கூற்றைக் குறித்தாளா, பத்தின் அடுக்கைக் கூட்டும்போது பிசகினாளா என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று நாள் கழித்து வலதுபக்கத்தை மறைத்துக்கொண்டு மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு பத்து நாளில், பிறகு ஒரு மாதத்தில். மூன்று முறையும் சரியாக வந்தால் அடித்துவிடலாம். மூன்று மணி நேரத் தேர்வு எழுதினால் இந்த நோட்டு வேலைக்கு அதே அளவு நேரம் ஆகும். எனவே இப்போதைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தேர்வு தாராளம். வாரம் மூன்று தேர்வு என்று விளம்பரம் செய்யும் இடங்களில் இந்த வேலைக்கு நேரமே இருக்காது. 210 மூன்று மாதம் கழித்தும் 230-இல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்தது புத்தகம். தமிழ் வழி மாணவிக்கு நம் பாடநூல் கழகப் புத்தகம்தான் அடிப்படை. நீட்டுக்குப் பலரும் படிக்கச் சொல்லும் என்சிஇஆர்டி (மத்திய பாடத்திட்ட) புத்தகம் தமிழில் இல்லை. அதைத் தூக்கிவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆங்கிலத்தில் படிக்க உட்கார்ந்தால் மூன்று பக்கத்தில் சோர்ந்துவிடுவாள். அதன் உயிரியல் புத்தகத்தில் படங்கள், அட்டவணைகள், பாட இறுதிச் சுருக்கம், இயற்பியல், வேதியியலில் தீர்த்துக்காட்டிய கணக்குகள், இவை மட்டும் போதும். என்சிஇஆர்டி இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஆனால் நம் புத்தகத்தில் உள்ள எல்லாமும் நீட்டுக்கு வராது. தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தது. பிளஸ் ஒன் விலங்கியலில் செரித்தல் பாடமும், தாவரவியலில் கடத்து முறைகள், கனிம ஊட்டம் பாடங்களும் அதில் போயின. பிளஸ் டூ வேதியியலில் முதல் பாடமான உலோகவியல், திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல் மூன்றும் நீட்டில் இல்லை. இயற்பியலின் கடைசிப் பாடமான அண்மைக்கால வளர்ச்சிகளும், அதற்கு முந்தைய பாடத்தில் வரும் தகவல் தொடர்புப் பகுதியும் இல்லை. பொதுத்தேர்வுக்கு இவை எல்லாம் வேண்டும். நீட்டுக்கென்று தனியாக உட்காரும் நேரத்தில் இவற்றைத் தொட வேண்டாம். விண்ணப்பம் தொடங்கும்போது வரும் தகவல் கையேட்டோடு இந்தப் பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, நீட்டில் இல்லாத பாடத்தின் தலைப்பில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வகுப்பு வரிசையும் மாறும். கரைசல்கள் நமக்குப் பிளஸ் ஒன்னில், என்சிஇஆர்டியில் பிளஸ் டூவில். அயனிச் சமநிலை நமக்குப் பிளஸ் டூவில், அங்கே பிளஸ் ஒன்னில். வெளியே வாங்கும் ‘பிளஸ் ஒன் போர்ஷன்’ தேர்வுத்தாளில் அவள் இன்னும் படிக்காத பாடம் வந்திருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். இந்த 210-இலும் அப்படிச் சில கேள்விகள் இருந்திருக்கும்.

அதே சமயம் நீட் பாடத்திட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒன்று அவளுக்குச் சாதகம்: செய்முறை சார்ந்த கேள்விகள். வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, குவிலென்சின் குவியத்தொலைவு, செனார் டையோடு, வேதியியலில் உப்புப் பகுப்பாய்வு, பெர்மாங்கனேட் தரம்பார்த்தல். இவை பள்ளி ஆய்வகத்தில் இருப்பவை. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கும் சடங்காகச் செய்முறை வகுப்பை முடித்துவிட்டால் இந்த மதிப்பெண் வீண். திருகு அளவியைக் கையில் வாங்கி, சுழிப்பிழை நேர்க்குறியா எதிர்க்குறியா என்று ஒருமுறை தானே பார்த்தவள், கேள்வியில் அதைக் கழிப்பதா கூட்டுவதா என்று குழம்பமாட்டாள்.

இன்னொரு பொறி. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பாரம் குறைந்தது என்று பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. பள்ளியில் பிளஸ் ஒன் பாடங்களை ஓட்டமாக முடித்துவிட்டுப் பிளஸ் டூவைத் தொடங்கினால், ஓடிப்போன பகுதியை யாரும் திரும்ப நடத்தப் போவதில்லை. எனவே இப்போதிலிருந்து மே மாத விடுமுறை முடியும்வரை பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். ஜூன் தொடங்கி டிசம்பர்வரை வார நாட்களில் பள்ளி போகும் வேகத்தில் பிளஸ் டூ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிளஸ் ஒன் திருப்புதல். ஜனவரியிலிருந்து மார்ச் பொதுத்தேர்வு முடியும்வரை நீட்டுக்கென்று தனியாக ஒரு மணி நேரம் போதும், அதுவும் பிழை நோட்டுக்குத்தான். நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு நடப்பதால் பொதுத்தேர்வுக்குப் பிறகு சுமார் ஐந்து வாரம் கிடைக்கும். முழுத் தேர்வுகளை அப்போது நான்கு நாளைக்கு ஒன்றாக எழுதலாம். அந்த ஐந்து வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடங்கக்கூடாது. ‘கிராஷ் கோர்ஸ்’ என்று அப்போது விற்பவை பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

பொதுத்தேர்வு மதிப்பெண் போய்விடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டிலும், பி.எஸ்சி. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள், வேளாண்மை ஆகியவற்றுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்தான் பேசுகிறது. கணிதமும் இருப்பதால் பொறியியலும் திறந்திருக்கிறது. மருத்துவ இடம் கிடைக்காமல் போனால் இவை கை கொடுக்க வேண்டும். ஆனால் இரண்டையும் இரண்டு படிப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. இயற்பியலில் ஐந்து மதிப்பெண் வருவித்தலை எழுதிப் பார்த்ததும், கடைசி வரியில் வரும் சூத்திரத்தைக் கட்டம் கட்டி, அதன் கீழே ‘இது இரண்டு மடங்கானால் அது என்ன ஆகும்?’ என்று இரண்டு கேள்வி தானே எழுதிக்கொள்ள வேண்டும். வருவித்தல் பொதுத்தேர்வுக்கு, கீழே உள்ள இரண்டு வரி நீட்டுக்கு. உயிரியலில் புக் பேக் ஒரு மதிப்பெண்ணோடு நிற்காமல் பாடத்தின் உள்ளே இருந்தும் படித்தால், இரண்டு தேர்வுக்கும் அதே உழைப்பு.

பாடவாரியாக எங்கே கை வைப்பது? அவளுக்கு முதல் வருமானம் உயிரியல். 180 கேள்விகளில் 90 அதுதான், 720-இல் 360. மதிப்பெண் சமமாக இருந்தாலும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்த்து முன்னுரிமை தருகிறார்கள். தெரிந்த 35 என்பது 75 ஆவது நடக்கக்கூடியது. உயிரியலில் இப்போது நேரடிக் கேள்வி குறைந்து, நான்கைந்து கூற்றுகளைக் கொடுத்து எவை சரி என்று கேட்பது கூடிவிட்டது. மேலோட்டமாக வாசித்தவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

இங்கேதான் உங்கள் வேலை இருக்கிறது. பத்தாவது படித்தவர் தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கலாம், அது போதும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவப்பணுக்களின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அவை மண்ணீரலில் அழிக்கப்படுகின்றன, முதிர்ந்த மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. இதில் மாற்றி வைக்கக்கூடிய சொற்கள் மூன்று: 120, மண்ணீரல், இல்லை. ஒன்றை மட்டும் மாற்றி வாசியுங்கள். ‘சிவப்பணுக்கள் கல்லீரலில் அழிக்கப்படுகின்றன, சரியா தப்பா?’ சில வரிகளை மாற்றாமலும் வாசியுங்கள். தப்பு என்று சொன்னால் மட்டும் விடாதீர்கள்; எந்தச் சொல் தப்பு, அந்த இடத்தில் எது வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், முப்பது வரி. கோச்சிங் சென்டரில் கட்டணம் கட்டி வாங்கும் ‘கூற்று வகைப் பயிற்சி’ இதுதான்.

வேதியியலில் இப்போது மோல் கணக்கைப் பிடிக்க வேண்டும். 18 கிராம் தண்ணீர் ஒரு மோல். அதில் மூலக்கூறுகள் எத்தனை, அணுக்கள் எத்தனை, எலக்ட்ரான்கள் எத்தனை என்று மூன்று கேள்விக்கும் அவள் பேப்பர் இல்லாமல் சொல்ல வேண்டும் (அவகாட்ரோ எண், அதன் மூன்று மடங்கு, பத்து மடங்கு). இது தடுமாறினால் கரைசல்கள், மின்வேதியியல், வெப்ப இயக்கவியல் எல்லாம் தடுமாறும். ஆவர்த்தன அட்டவணையும் வேதிப்பிணைப்பும் அடுத்து. கரிம வேதியியலில் வினைகளை மனப்பாடம் செய்யத் தொடங்குமுன் அடிப்படைக் கருத்துகள் பாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பெயர் வினைகளை உருப்போட்டால் பிளஸ் டூவில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும்.

இயற்பியலில் அவளுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் இயற்பியல் அல்ல, எண் கணக்கு. கால்குலேட்டர் கிடையாது. 1.6-ஐப் பத்தின் மைனஸ் 19 அடுக்கோடு பெருக்கி வகுக்கத் தெரியாமல் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். தினம் பதினைந்து நிமிடம் வெறும் பத்தின் அடுக்கு, பின்னம், வர்க்கமூலம், 30, 45, 60 பாகை மதிப்புகள், இவ்வளவுதான் ஒரு மாதத்துக்கு. குறுக்குவழி எண்களைப் பிறகு சேர்க்கலாம். பிளஸ் டூவில் ஒளிமின் விளைவு வரும்போது, அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்து 1240-ஐ அதனால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும்: 400 நானோமீட்டர் ஒளிக்கு 3.1, வெளியேற்று ஆற்றல் 2 என்றால் எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் 1.1. இரண்டு பக்கக் கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும். 45 கேள்வியையும் பிடிக்க வேண்டும் என்று இறங்க வேண்டாம். அலகுகளும் பரிமாணங்களும், செய்முறை, வெப்ப இயக்கவியல், பிறகு பிளஸ் டூவில் மின்னோட்டவியல், குறைக்கடத்தி, அணு, ஒளிமின் விளைவு, கதிர் ஒளியியல், இவற்றில் உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டு. சுழற்சி இயக்கம் கடைசியில் இருக்கட்டும்.

இப்படிப் படித்தால் எங்கே போய் நிற்கலாம் என்று ஒரு கணக்கு போடுவோம். உயிரியலில் 75 சரி, 8 தவறு. வேதியியலில் 28 சரி, 8 தவறு. இயற்பியலில் 20 சரி, 8 தவறு. கூட்டிப் பாருங்கள், 468. இயற்பியலில் பாதிகூட வரவில்லை, அப்போதும் இவ்வளவு. போன வருடக் கட் ஆஃபைப் பிடித்துக்கொண்டு இலக்கு வைக்காதீர்கள். பொதுப்பிரிவில் தகுதி மதிப்பெண் 2024-இல் 162, 2025-இல் 144. இயற்பியல் கடினமாக இருந்த அந்த 2025 தேர்வில் நாட்டிலேயே அதிகபட்சம் 686-தான். தாள் கடினமானால் எல்லாருக்கும் இறங்கும்.

மொழி விஷயம். தமிழ் வினாத்தாளையே தேர்ந்தெடுங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கேள்வி இருக்கும். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம் மட்டுமே. ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றம் 196 மதிப்பெண் வழங்கச் சொல்லியும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆகவே ஆங்கிலக் கலைச்சொல் தெரிந்திருப்பது நம் பொறுப்பாகிறது. தமிழில் திறன் என்றால் பவர், பயனுறுதிறன் என்றால் எஃபிஷியன்சி, நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா. மூன்றிலும் ‘திறன்’ இருக்கிறது, மூன்றும் வேறு. வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் அதே கதை. பாடத்துக்கு இருபது சொல் வீதம் இரண்டு பத்தியாக ஒரு சிறு நோட்டில் எழுதி வந்தால் போதும். தேர்வில் தமிழில் வாசித்து, சொல் இடறினால் மட்டும் ஆங்கில வரியைப் பார்க்கப் பழக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு மொழியிலும் வாசித்தால் நேரம் போதாது.

நேரம் இப்போது 180 கேள்விக்கு 180 நிமிடம். 2021 முதல் 2024 வரை இருந்த விருப்பக் கேள்வி முறை 2025-இல் போய்விட்டது; பழைய தாளை வைத்துப் பயிற்சி செய்யும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு வட்டத்தைப் பேனாவால் நிரப்ப நான்கு வினாடி என்றாலும் 180-க்கு 12 நிமிடம் போகும். எனவே வீட்டுத் தேர்வும் ஓஎம்ஆர் தாள் நகலில், கறுப்புப் பந்துமுனைப் பேனாவில்தான் எழுத வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாக நிரப்பினால், ஒரு கேள்வி எண் தவறினாலும் அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு வரி இறங்கிவிடும். பேனா என்பதால் அழிக்கவும் முடியாது. வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை நிரப்புவதுதான் பாதுகாப்பு. உயிரியலுக்கு ஐம்பது நிமிடம், வேதியியலுக்கு ஐம்பது, இயற்பியலுக்கு அறுபது, மீதி இருபது புள்ளி போட்ட கேள்விகளுக்கு. நிஜத் தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வையும் சாப்பிட்டு முடித்து அதே நேரத்தில் வையுங்கள். காலை ஆறு மணித் தெளிவில் வாங்கும் மதிப்பெண் அந்த மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் வராது.

விண்ணப்பத்தில் தடுக்கி விழுபவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வேறொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். விண்ணப்பம் திறந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுவிட்டு, கலந்தாய்வு சமயத்தில் ஓடிபி அவருக்குப் போய், அவர் ஊரில் இல்லாமல் தவிப்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்ட அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும்; மாநிலச் சாதிச் சான்றிதழ் அதற்குச் செல்லாது.

செலவு என்று பார்த்தால், பள்ளியில் நடக்கும் இலவசப் பயிற்சிக்கு அவள் போகட்டும். முந்தைய ஆண்டு வினாத்தாள் தொகுப்பு ஒன்று, ஓஎம்ஆர் நகல், நோட்டுகள், ஒரு நல்ல தேர்வுத் தொடர், எல்லாம் சேர்ந்து சில ஆயிரத்துக்குள் அடங்கும். இயற்பியல் கணக்குக்கு மட்டும் உள்ளூரில் நல்ல ஆசிரியர் கிடைத்தால் வாரம் இரண்டு நாள் டியூஷன் வையுங்கள்; செலவு செய்ய ஒரு இடம் உண்டென்றால் அது அங்கேதான். மறுமுறை எழுத ஒரு வருடம் வீட்டில் உட்காருவதா என்ற கேள்வியை இப்போது எடுக்க வேண்டாம். பிளஸ் டூ முடிந்து, முதல் நீட் தாளில் டிக் போட்டவை எத்தனை என்று எண்ணிப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த வாரம் அந்த 210 வாங்கிய வினாத்தாளைத் தேடி எடுங்கள். 90 தவறுகளும் அதில் இருக்கின்றன. பிழை நோட்டின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி நாளொன்றுக்கு ஆறு வீதம் எழுதினால் பதினைந்து நாளில் முடியும்.